எங்கள் பெஞ்சில் நின்றுபோன சமாதானம்

எங்கள் ஆலயத்தில் பெண்கள் பக்கம், முன்னாலிருந்து நான்காவது பெஞ்ச். ஜன்னலோரம் நான், எனக்கு அடுத்து பக்கத்து வீட்டு அக்கா. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் ஞாயிறு அன்று, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலில் நின்ற என்னைக் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தவர் அவர்தான். இருபது வருஷத்துக்கு மேல் அந்த இடம் மாறவில்லை. ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் பிடித்துப் பாடியிருக்கிறோம். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பிரசங்கம் முழுக்க அக்கா மடியில்தான் தூங்குவாள்.

ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல்லுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில். ரப்பரும் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) உள்ள சாதாரண ஊர். பேர் வேண்டாம். நான் எழுதப்போவது என் குறையைப் பற்றி. ஊரை அதில் இழுக்க எனக்கு மனமில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து ஆராதனை. தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனை முறையில், அப்பத்தையும் ரசத்தையும் எடுப்பதற்கு முன்னால் சமாதானம் கொடுக்கிற ஒரு பகுதி உண்டு. போதகர் மேசையிலிருந்து உதவியாளர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் இறங்கி வந்து ஒவ்வொரு பெஞ்சிலும் ஓரத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார்கள். அங்கிருந்து கைக்குக் கை போகும். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் மேலே பொத்த வேண்டும். நாலு கையும் ஒன்றாக இருக்கும். எங்கள் பெஞ்சில் அது அக்காவிடமிருந்து எனக்கு வந்து, ஜன்னலோரம் முடியும்.

2017-இன் ஒக்கிப் புயலுக்கு முந்தைய சபைத் தேர்தல் முடிந்து வந்த முதல் திருவிருந்தில் அக்கா கையை நீட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, கொடுக்காப்புளி மரம்தான். அந்தக் கை சில நொடி அப்படியே நின்றதும், பிறகு மெதுவாக மடிக்குத் திரும்பியதும் என் ஓரக்கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு நான் எழுந்து போய் முழங்கால்படியிட்டுத் திருவிருந்தும் வாங்கினேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அடுத்த மாதம் அக்கா ஏழாவது பெஞ்சுக்குப் போய்விட்டார்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் அப்போது சபையின் பொருளர். அறுப்பின் பண்டிகை எங்கள் பக்கத்தில் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதல் குலை, முதல் சக்கை (பலாப்பழம்), கோழி, கருப்பட்டி, தேங்காய் எல்லாம் ஆலயத்துக்கு வரும், முற்றத்தில் ஏலம் போகும். ஒரு வாழைக்குலை சந்தை விலையைப்போல் பத்து மடங்குக்குப் போவதும் உண்டு. காணிக்கை என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். அந்த வருஷக் கணக்கில் 6,400 ரூபாய் இடித்தது. சபைக் கூட்டத்தில் அக்கா எழும்பி, "அந்தப் பணம் எங்க போச்சு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரத்தில் தேர்தல். அக்காவின் கொழுந்தன் எதிர் அணியில் நின்றார். கேட்ட கேள்வி வாட்ஸாப்பில் ஏறியது. ஏறும்போதே கேள்விக்குறி உதிர்ந்து, குற்றச்சாட்டாகவே மாறிவிட்டது. பதினோரு ஓட்டில் எங்கள் அணி தோற்றது. அன்று முதல் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த கய்யாலை உண்மையிலேயே மதில் ஆனது. பங்குனி, சித்திரையில் சக்கை பழுத்தால் பாதியை வெட்டி அந்த மண்சுவருக்கு மேலே வைப்பது வழக்கம், அவர்களும் அப்படித்தான். மூன்று சீசன் எதுவும் அதைத் தாண்டவில்லை. எங்கள் மரத்துச் சக்கை விழுந்து அழுகியது.

சபைத் தேர்தலைப் பற்றி நம் மாவட்டத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. வந்துபோன தடம் அடுத்த தேர்தல் வரை மறைவதில்லை. தேர்தல் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எருசலேம் சபையில் விதவைகளுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை என்ற முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டி, ஏழு பேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள். மக்கள் தெரிந்தெடுப்பது வேதத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே அவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டது பந்தி விசாரிப்புக்கு. நம்மிடம் பந்தி விசாரிப்பு போய் அணி நிற்கிறது.

அந்த மூன்று வருஷமும் வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் சபை நன்றாகத்தான் இருந்தது. கோபுரத்துக்குப் பெயிண்ட் அடித்தோம். கன்வென்ஷனுக்கு மூன்று நாளும் பந்தல் நிறைந்தது. பாடகர் குழு பரிசு வாங்கியது. அசனம் என்ற சபை விருந்துக்கு இரண்டாயிரம் பேருக்குச் சமைத்தோம். வருஷ அறிக்கையில் எல்லாம் வளர்ச்சி. ஆனால் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு இந்த அணி வீட்டில் அந்த அணி வராது. துக்க வீட்டுக்கு வருவார்கள், தண்ணீர் குடிக்காமல் போவார்கள். வாலிபர் சங்கத்தில் பிள்ளைகள் அப்பாமாரின் கட்சிப்படி பிரிந்து நின்றார்கள். எங்கள் பாட்டுச் சத்தம் குறையவே இல்லை என்பதுதான் எனக்கு இப்போது அதிகப் பயத்தைத் தருகிறது. நோய் உள்ளே இருக்கும்போது பாட்டுச் சத்தம் குறைய வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

கைப்பிடி அரிசி பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். என் மாமியார் காலத்தில் சோறு பொங்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஏழை வீடும் கொண்டுவரும், பெரிய வீடும் கொண்டுவரும். கலந்துவிட்டால் யாருடையது என்று தெரியாது. அதில் மாமியார் சொன்ன ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு வாரம் தொடர்ந்து ஒரு வீட்டிலிருந்து அரிசி வராவிட்டால், அந்த வீட்டில் உலை எரியவில்லை என்று பெண்களுக்குப் புரிந்துவிடும். யாரும் ஆலயத்தில் கேட்க மாட்டார்கள். சாயங்காலம் ஒருத்தி முறத்தோடு அந்த வீட்டுப் பக்கம் போவாள், "கொஞ்சம் நெல்லு குத்தணும், கூட வாறியா?" என்று கேட்பாள். திரும்பும்போது அந்த வீட்டுக்கும் அரிசி போயிருக்கும். இப்போது கைப்பிடி அரிசிக்குப் பதிலாகக் கவர். கவரில் பேர் இருக்கிறது, தொகை இருக்கிறது, ரசீது இருக்கிறது. ஆனாலும் வராத வீட்டை நிலுவை என்றுதான் எழுதுகிறோம்.

சரி, ஒக்கிக்கு வருகிறேன். 2017 நவம்பர் 30. கடற்கரை ஊர்களில் போன உயிர்களுக்கு முன்னால் எங்கள் நஷ்டத்தைச் சொல்வதே முறையல்ல. உள்ளே எங்களுக்கு மரங்கள்தான் போயின. ஆனால் ரப்பர் பாலில் குடும்பம் நடத்துகிறவனுக்கு மரம் போவது சின்ன விஷயம் இல்லை. ஒரு கன்று வெட்டுக்கு வர ஏழு வருஷமாவது ஆகும். ரோடு முழுக்க மரம், கரண்ட் கிடையாது. டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு, மைக் இல்லாமல் ஆராதனை நடந்தது. ஆராதனை முடிந்ததும் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் எல்லோரும் அரிவாளும் கயிறுமாக இறங்கினார்கள். என் வீட்டுக்காரரும் அக்காவின் கொழுந்தனும் ஒரே தடியை ஆளுக்கொரு முனையில் தூக்கியதைப் பார்த்தேன். கடற்கரைக்கு அரிசியும் பாயும் கொண்டுபோன வண்டியில் இரண்டு அணியும் சேர்ந்து ஏற்றியது. அப்பாடா, ஆண்டவர் முடித்துவைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

முடியவில்லை. கரண்ட் வந்த அடுத்த வாரம், ஜெனரேட்டர் வாடகை யார் கணக்கு என்று மறுபடி பிரிந்தார்கள். ஆபத்தில் சேர்ந்து நின்றதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது நல்லதுதான். ஆனால் உள்ளே இருந்த குறையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதனால் அது அப்படியே கிடந்தது.

2018 மே மாத இடமாற்றத்தில் புதிய போதகர் வந்தார். அந்தச் செப்டம்பரில் ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குத் தென்னிந்தியத் திருச்சபை உருவான நாளைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டிய முறை எனக்கு வந்தது. தயார் செய்ய உட்கார்ந்தேன். தெரிந்த கதைதான், ஆனால் அன்று வேறு மாதிரி படித்தது. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய சிலர், சபைகள் பிரிந்து கிடப்பது கிறிஸ்துவுக்குச் சாட்சி இல்லை என்று சேர்ந்து அறிக்கை விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், தோர்ணக்கல் பேராயர் அசரியா ஒருவர். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் பேசினார்கள். பேராயர் முறை உள்ளவர்கள், அதை ஏற்காதவர்கள், மெதடிஸ்டுகள். ஒவ்வொருவருக்கும் பின்னால் நூற்றாண்டுக் கணக்கில் பழைய மனஸ்தாபம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானார்கள். அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945-இன் முதல் நாளே இறந்துவிட்டார்.

எங்கள் தென் திருவிதாங்கூர் சபைகள் லண்டன் மிஷன் வழியில் வந்தவை. கைக்குக் கை சமாதானம் கொடுக்கும் வழக்கம் அந்த வழியில் இல்லை. ஒன்றான பிறகு 1950-இல் புதிய திருவிருந்து முறையை அமைத்தபோது, கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் காலம்காலமாகக் காத்துவந்த வழக்கத்திலிருந்து அதை எடுத்துச் சேர்த்தார்கள். பிரிந்திருந்தவர்கள் சேர்ந்து எழுதிய முறையில், திருவிருந்துக்கு முன்னால் ஒருவரையொருவர் தொட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இதைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். எழுத ஆரம்பித்தேன், பாதியில் சாக்பீஸை வைத்துவிட்டேன். அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும் என்ற ஆண்டவருடைய ஜெபத்தின் வரிதான் நம் திருச்சபையின் இலச்சினையில் சிலுவையையும் தாமரையையும் சுற்றி இருக்கிறது. எங்கள் ஆலய முகப்பிலும் இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் பொறுமையாகப் பேசியவர்களுடைய கையிலிருந்து வந்த சமாதானம் எங்கள் பெஞ்சில் வந்து நின்றுபோயிருக்கிறது. நிறுத்தியது நான். பிள்ளைகளிடம் தலைவலி என்று சொல்லி, ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன்.

புதிய போதகர் பெரிய பேச்சாளர் இல்லை. அவர் செய்தது ஒன்றுதான்: வழக்கொழிந்து கிடந்த ஆயத்த ஆராதனையைத் திரும்ப ஆரம்பித்தார். திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். பாட்டுக்குழு கிடையாது, மைக் கிடையாது. ஒரு வேதபகுதி, நீண்ட மௌனம், பாவ அறிக்கை, ஜெபம். என் மாமியார் காலத்தில் அதற்கு வராமல் மறுநாள் திருவிருந்து எடுக்கக் கூசுவார்களாம். முதல் மாதம் ஒன்பது பேர் வந்தார்கள். அவர் ஆள் கூட்ட முயற்சி எதுவும் செய்யவில்லை. மற்ற சாயங்காலங்களில் வீடு வீடாக நடந்தார். எங்கள் வீட்டிலும் உட்கார்ந்தார், அக்கா வீட்டிலும் உட்கார்ந்தார். இங்கே கேட்டதை அங்கே சொல்லவில்லை. ஒருநாள் நான், "ஐயா, நீங்க ரெண்டு வீட்டையும் கூப்பிட்டுப் பேசி முடிச்சு வைக்கக்கூடாதா?" என்று கேட்டதற்கு, "நான் அடுத்த இடமாற்றத்துல போயிருவேன் அம்மா. நான் முடிச்சு வச்சா என்கூடவே அதுவும் போயிரும்" என்றார்.

2019 ஏப்ரல் 6, லெந்து (தவக்கால) நாட்களில் ஒரு சனிக்கிழமை. அன்று அவர் வாசித்த பகுதி மத்தேயு ஐந்தாம் அதிகாரம், பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுப் போகச் சொல்லும் வசனம். சின்ன வயதிலிருந்து மனப்பாடம். அன்று ஒரு சொல்லில் மட்டும் நிறுத்தி அவர் கேட்டார்: "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைவுண்டென்று. யாருக்குக் குறை? உனக்கு அவர்மேல் இல்லை. அவருக்கு உன்மேல்." அதோடு உட்கார்ந்துவிட்டார். ஆலயத்தில் மௌனம். நான் மூன்று வருஷமாக அக்காமேல் எனக்குள்ள குறையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு எங்கள்மேல் உள்ள குறை என்ன? 6,400 ரூபாய். அதற்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவரும் வந்திருந்தார், ஆண்கள் பக்கம் கடைசியில். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். பண்டிகை இரவு மழை வந்து பந்தல் சரிந்தபோது, பந்தல்காரருக்கும் மைக் செட்காரருக்கும் கூடுதலாக ரொக்கம் கொடுத்திருக்கிறார். ரசீது வாங்கவில்லை. கூட்டத்தில் கேட்டபோது, ரசீது இல்லை என்றால் திருடன் என்று ஆகிவிடுமே என்று பயந்து, கணக்கு சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று வருஷம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். திருடவில்லை, ஆனால் உண்மையும் சொல்லவில்லை. அந்த உண்மை சொல்லாததன்மேல் நான் என் கோபத்தையெல்லாம் அடுக்கிக் கட்டி வைத்திருந்தேன்.

மறுநாள் இருவரும் ஆராதனைக்குப் போனோம், திருவிருந்து எடுக்காமல் வந்தோம். ஊரில் கவனித்தார்கள், அது போகட்டும். மத்தியானம் நான் மட்டும் கய்யாலையைச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"வா மக்ளே, இரி" என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

இருந்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பியதையும் சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்க கேள்வி தப்பில்ல" என்றார். "ஆனா அத நான் இப்படி உனக்க முற்றத்துல வந்து கேட்டிருக்கணும். சபை நடுவுல எழும்பிக் கேட்டேன் பாரு, அது தப்பு. கேக்கச் சொல்லித் தந்தவங்களுக்கும் எனக்கும் தெரியும், அது கணக்குக்காகக் கேட்ட கேள்வி இல்லன்னு." மத்தேயு பதினெட்டில், நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ச் சொல் என்று ஆண்டவர் வைத்த வரிசை அதுதானே. முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில்தான் சபை. நாங்கள் கடைசியிலிருந்து ஆரம்பித்திருந்தோம்.

குருத்தோலை ஞாயிறு அன்று அறிவிப்பு நேரத்தில் என் வீட்டுக்காரர் எழும்பி இரண்டு நிமிடம் பேசினார். நடந்ததைச் சொல்லி, 6,400 ரூபாயைக் கவரில் வைத்துக் கொடுத்தார். கை நடுங்கியது. அக்காவின் கொழுந்தன்தான் அப்போது செயலர், கவரை அவர் கையில் வாங்கினார். வாங்கிக்கொண்டு, "அந்த வாட்ஸாப் மெசேஜ் நான்தான் போட்டேன், அதுக்கு மன்னிக்கணும்" என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நாலு நாள் கழித்து, இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைக்கும் பெரிய வியாழன், ஏப்ரல் 18. அந்த வருஷம் அன்றுதான் தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. பெரிய வியாழன் அன்று ஓட்டா என்று எங்களுக்கெல்லாம் மனவருத்தம். பகலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம், சாயங்காலம் திருவிருந்துக்கு வந்தோம். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். ஆராதனை தொடங்கி முதல் பாட்டு பாதி போனபிறகு, ஏழாவது பெஞ்சிலிருந்து அக்கா எழுந்து நடந்து வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தை நகர்த்திப் பிடித்தேன். அப்புறம் சமாதானம் வந்தது. வலது கையோடு வலது கை. மேலே பொத்திய எங்கள் இரண்டு இடது கைகளிலும் ஆள்காட்டி விரலில் மை, காலையில் ஓட்டுச்சாவடியில் வைத்தது. யார் எந்தச் சின்னத்துக்குப் போட்டோமோ தெரியாது. அக்கா அந்த விரல்களைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இருவரும் அழுதுவிட்டோம்.

இதற்குப் பிறகு சபை சொர்க்கமாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் சில காரியங்கள் மாறின. வரவு செலவு மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது, ரசீது இல்லாத செலவும் 'ரசீது இல்லை' என்ற குறிப்போடு. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் சரியாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்பாகவும் இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார். பணக்கணக்கை ஆவிக்குரிய காரியம் இல்லை என்று ஒதுக்குகிற ஊழியக்காரர்களைக் கண்டால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. எங்கள் சபையைப் பிளந்தது உபதேச வேறுபாடு இல்லை, ஒரு ரசீதுதான்.

போதகர் சொன்னதுபோலவே மாற்றலாகிப் போனார். ஆயத்த ஆராதனை நின்றுவிடுமோ என்று பயந்தோம். பெண்கள் ஐக்கிய சங்கம் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. இதில் எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது எங்கள் மாவட்டத்து மயிலாடியின் வரலாறுதான். 1806-இல் லண்டன் மிஷனின் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார், 1809-இல் அங்கே முதல் ஆலயம். 1816-இல் அவர் விட்டுப் போய்விட்டார், பிறகு அவர் என்ன ஆனார் என்பதே தெரியவில்லை. அடுத்த மிஷனரி மீட் ஐயர் வந்தது 1818-இல். இடைப்பட்ட காலத்தில் சபைகளைத் தாங்கியவர் வேதமாணிக்கம், இந்த மண்ணின் மனிதர். வெளியிலிருந்து ஒரு மிஷனரியும் இல்லாமல் அவரும் சபையாரும் விசுவாசத்தைக் காத்தார்கள். இப்போது போதகர் மாறுவதற்கு இடையில் இரண்டு வாரம் ஆள் இல்லாவிட்டால் நாம் திகைக்கிறோம். சபையின் நலம் போதகருடைய வேலை என்ற எண்ணம் நமக்கு எப்போது வந்ததோ.

இன்னும் தொடாத குறைகளும் இருக்கின்றன. ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில், ஒரே திருச்சபையின் இரண்டு ஆலயங்களை நான் பார்த்திருக்கிறேன். ஏன் இரண்டு என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். காரணம் ஜாதி. அந்த வேதமாணிக்கம் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர்; அவர் வழியாக வந்த சுவிசேஷத்தை வைத்துக்கொண்டு நாம் இப்படி உட்கார்ந்திருக்கிறோம். மார்பை மறைக்கும் தோள்சீலை உரிமைக்காக 1859 வரை அடிபட்ட பெண்களின் பேத்திகள் நாங்கள். எங்களுக்கு நடந்ததை நூற்றாண்டு விழாவில் நாடகமாகப் போடுகிறோம், நாங்கள் மற்றவர்களுக்குச் செய்ததைப் பேச வாய் வருவதில்லை. அந்த இரண்டு ஆலயத்துக்கும் நடுவில் சமாதானம் எந்தப் பெஞ்சில் நிற்கிறது? இதை எழுதும்போது கை தயங்குகிறது, ஆனாலும் எழுதாமல் விட முடியவில்லை.

கத்தோலிக்கச் சகோதரர்களின் பங்குகளில் அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்துச் சில வீடுகள் ஒன்றாகக் கூடி வேதம் வாசிப்பார்கள், அந்த வீடுகளின் நல்லது கெட்டதைப் பார்ப்பார்கள். கொள்ள வேண்டிய வழக்கம். எங்கள் ஊரில் இப்போது பல வீடுகளில் வயதானவர்கள் மட்டும்தான், பிள்ளைகள் வளைகுடாவில். பெரிய வீடு, நாலு கேமரா, உள்ளே ஒரு பாட்டி. கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் ஆலயம் பூட்டிக் கிடந்தபோது, போனில் ஆராதனை போட்டுக் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள்தான். அக்காவும் நானும் அப்போது ஒரு வேலை செய்தோம்: கைப்பிடி அரிசிக் கலம்போல ஒரு நோட்டு. எங்கள் தெருவில் முப்பத்திரண்டு வீடு. யார் இரண்டு வாரம் கண்ணில் படவில்லையோ அந்த வீட்டு முற்றத்தில் போய் நிற்பது. ஆலயம் திறந்த பிறகும் அந்த நோட்டை விடவில்லை. இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

கொரோனாவில் போன ஒன்று மட்டும் முழுசாகத் திரும்பி வரவில்லை. ஆலயம் திறந்தபோது, தொடக் கூடாது என்று சமாதானத்தைக் கைகூப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அன்றைக்கு அது சரி. ஆபத்து போய் இத்தனை காலம் ஆகியும் பலர் கைகூப்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கைகூப்பினால் பிடிக்காதவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிடலாம். கையைப் பொத்திப் பிடிப்பதற்குக் கொஞ்சம் நெருங்கிப் போக வேண்டியிருக்கிறது.

இப்போது மறுபடி சபைத் தேர்தல் நெருங்குகிறது. அக்காவின் மகன் ஒரு அணியில், என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன் மற்றதில். வாட்ஸாப்பில் மெசேஜ்கள் வர ஆரம்பித்துவிட்டன. நேற்றுச் சாயங்காலம் நான் துணி எடுக்கும்போது கய்யாலைக்கு மேலே பாதிச் சக்கை வந்து உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் அக்காவின் தலை.

"சனிக்கிழமை ஆயத்தத்துக்கு எனக்கு மூட்டு வலில நேரம் ஆகும்" என்றார். "ஜன்னல் பக்கம் நீ இரி. எனக்க இடத்துல பாட்டுப் புத்தகத்த வச்சிரு. யாரையும் இருக்க விடாத, கேட்டியா?"